படுவான்கரையில் ஓடின எஞ்சின்

தேற்றாத்தீவில் கல்முனை வீதியோரமாக உதயரூபனின் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வழி கேட்கிறவர்களுக்கு ஊரார் "பாதி பெயின்ட் அடிச்ச பஸ் நிக்கிற இடம்" என்று சொல்வார்கள். அது பிழையாகப் போனதில்லை, எந்த நாளும் அங்கே ஒரு பஸ்ஸோ வேனோ அந்தக் கோலத்தில்தான் நிற்கும்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டோஹாவில் ஒன்பது வருடம் பெரிய கராஜ் ஒன்றில் பெயின்டராக இருந்தவர். மோதி நசுங்கி வரும் கார்களை, மோதினதே தெரியாத மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் அங்கே அவர் வேலை. எந்தக் கதவு மாற்றின கதவு என்று காரின் சொந்தக்காரனே கண்டுபிடிக்க முடியாமல் நிற்பான், அதுதான் வேலைக்குச் சான்றிதழ். ஊருக்குத் திரும்பி வந்தும் அதே கண்ணோடுதான் எல்லா வண்டிகளையும் பார்த்தார். பழையது கையில் வந்தால் புதியதாகப் போக வேண்டும்.

மகள் விதுர்ஷாவுக்கு இருபத்தாறு வயது. மட்டக்களப்புக் கச்சேரியில் அரசாங்க வேலை. அவளுக்கென்று கட்டத் தொடங்கின வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றிருந்தது. வீடு முடியாமல் கலியாணப் பேச்சை எடுக்க உதயரூபனுக்கும் மனைவி யோகராணிக்கும் மனமில்லை. பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற வருமானம் வீட்டுச் செலவோடு சரி. அந்த நேரத்தில்தான் மொறிஸ் மைனர் கார் வந்து சேர்ந்தது.

அது புளியந்தீவில் றோஸ்லின் டீச்சர் வீட்டுக் கார். டீச்சருடைய அப்பா இளவயதில் புதிதாக வாங்கினது. அவர் இறந்த பிறகு வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குள் டயர் நாலும் காற்றுப் போய்க் கிடந்தது. மதில் கட்ட இடம் தேவைப்பட்டதால் டீச்சர் அதைக் குறைந்த விலைக்கு விட்டார். உதயரூபன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திருத்தி விற்றால் வீட்டுக்குக் கூரை போட்டு விடலாம் என்பது கணக்கு.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரோடுதான் கிடந்தார். துருப்பிடித்த தளத்தை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினார். சாம்பலும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு மங்கல் நிறம் காரில் இருந்தது, அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு நல்ல சிவப்பு அடித்தார், டோஹாவில் பழகின முறையில், மேலே கண்ணாடிப் பூச்சோடு. கச்சான் காற்று எழும்பினால் தூசி வந்து ஒட்டும் என்று விடிய முன்னமே தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பார். வெடித்துப் போயிருந்த பழைய தோல் சீற்றுகளைக் கழற்றிப் பின்வளவில் எரித்தார். கறுப்பு ரெக்சினில் புதுச் சீற்று, பளபளக்கிற அலோய் சக்கரம், பாட்டுப் பெட்டி எல்லாம் வந்தன. எஞ்சின் முன்னமே யாரோ மாற்றின டட்சன் எஞ்சின். அது நன்றாக ஓடியதால் கழுவிப் பூட்டினதோடு சரி.

விதுர்ஷா காரைப் படம் பிடித்து முகநூலில் போட்டாள். ஊரே பார்த்தது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். யோகராணி அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "இதில ஒருக்கா மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய் வருவமா" என்று கேட்டாள். போய் வந்தார்கள்.

காத்தான்குடியில் வாகனத் தரகு செய்கிற இர்ஷாத் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். உதயரூபனைவிடப் பத்து வயது இளையவன், பல வருடப் பழக்கம். கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் நஸ்மி என்று ஒரு பல் டொக்டர் இருக்கிறார், பழைய கார் என்றால் பித்து, கூட்டி வருகிறேன் என்றான். பதினெட்டு லட்சம் கேட்கலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்தார்கள்.

டொக்டர் நஸ்மி வந்தது ஒரு சனிக்கிழமை. வந்தவர் சிவப்பைப் பார்த்துச் சிரித்தார், பெயின்டை விரலால் தடவினார், "நல்ல கை" என்றார். பிறகு சாரத்தைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். படுத்தவர் நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பி வந்து முன்மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கி அதிலிருந்த எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தார். யோகராணி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். குடித்து முடித்த பிறகுதான் விலையைச் சொன்னார். ஒன்பது லட்சம்.

உதயரூபன் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார்.

"உங்கட வேலையில குறை இல்ல," என்றார் டொக்டர். "இதை நல்ல கார் எண்டு வாங்கலாம். பழைய கார் எண்டு வாங்க ஏலாது. எஞ்சின் இதுர இல்ல, நிறம் இதுர இல்ல, சீற்று, சக்கரம் ஒண்டும் இதுர இல்ல. மொறிஸ்ல மிச்சம் இருக்கிறது இந்த உருவம் மட்டும்தான். ஒம்பதுக்கு மேல குடுத்தா, நாளைக்கு நான் விக்கப் போற நேரம் எனக்கும் அதே கதைதான்."

மரியாதையான மனிதர். விலை பேசி அடிக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பின்னேரம் உதயரூபன் விற்பனை விளம்பரங்களைத் தேடிப் பார்த்தார். கண்டிப் பக்கம் ஒரு மொறிஸ் மைனர், பெயின்ட் உரிந்து, முன் பம்பரில் துரு, சீற்றில் கிழிசல். அதன் கீழே "முழுக்க ஒறிஜினல்" என்று எழுதி, அவர் எதிர்பார்த்த பதினெட்டையும் தாண்டி ஒரு விலை போட்டிருந்தது. யோகராணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"துருப்பிடிச்சதுக்கு வில கூடவாம்."

அவள் படத்தைப் பார்த்துவிட்டு, நம்மட சிவப்புத்தான் வடிவு என்றாள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றி என்ன, வாங்குகிறவனுக்கு அப்படித் தோன்றவில்லையே. வாழ்நாள் முழுக்க எதைத் திறமை என்று நினைத்தாரோ அதையே ஒருவன் காரின் குறையாக எண்ணிச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோபப்பட ஆளில்லாத கோபம் அது.

நிறத்தையும் சக்கரத்தையும் திருப்பி மாற்றலாம், அவர் கையில் உள்ள வேலை. எஞ்சினுக்கு என்ன செய்வது? இர்ஷாத் அதற்கு ஒரு வழி சொன்னான். கொழும்பில் உடைத்துப் போட்ட மொறிஸ் ஒன்றின் எஞ்சினை எடுக்கலாம். எஞ்சின் இலக்கம் இருப்பது சின்னத் தகடு ஒன்றில், அது வெறும் ரிவெட் அடித்துத்தான் பூட்டியிருக்கும். புத்தகத்தில் உள்ள இலக்கத்தைப் புதுத் தகட்டில் கொத்தித் தர ஆள் இருக்கிறது.

"ஒருத்தருக்கும் விளங்காது அண்ணன். அந்த எஞ்சின்தான் இது எண்டு ஆகிடும்," என்றான்.

உதயரூபன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தகடு எப்படி இருந்தது, எழுத்து எந்த மாதிரி என்று தெரியாமல் கொத்தினால் பிடிபடும் என்றுதான் யோசித்தார். றோஸ்லின் டீச்சரிடம் பழைய படம் ஏதும் இருக்கலாம் என்று மறுநாள் புளியந்தீவுக்குப் போனார்.

டீச்சருக்கு எண்பதை நெருங்குகிற வயது. படம் எதுவும் இல்லை என்றார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தார். பழைய எஞ்சினைப் பற்றி அறிய விருப்பம் என்று மட்டும் உதயரூபன் சொன்னார்.

"அறியிறதெண்டா போய்ப் பாருங்களன்," என்றார் டீச்சர். "அது இன்னும் ஓடுது எண்டுதான் நினைக்கிறன்."

தொண்ணூறுகளில் மொறிஸுக்குச் சாமான் கிடைக்காத நிலையில் டீச்சரின் அப்பா டட்சன் எஞ்சினைப் போட்டார். கழற்றின எஞ்சினை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவர்களுடைய வயலைச் செய்துகொண்டிருந்த சின்னத்தம்பி என்பவர் தண்ணீர் இறைக்கக் கேட்டார். சும்மா கொடுத்துவிட்டாராம். சின்னத்தம்பி இப்போது இல்லை. அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளைதான் அந்த வயலைப் பார்க்கிறார். வருசத்துக்கு ஒருக்கா நெல்லு மூட்டையோடு டீச்சர் வீட்டுக்கு வந்து போவார்.

உதயரூபன் வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறாமல் கொஞ்ச நேரம் வாவிக்கரையில் நின்றார். பிறகு இர்ஷாதுக்கு அழைப்பெடுத்து, தகட்டு வேலையை இப்போதைக்கு விடு என்றார்.

அடுத்த ஞாயிறு மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனார். கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போய், ஆச்சிப்பிள்ளையின் வயல் வட்டையைக் கண்டுபிடித்தார். சிறுபோக வெள்ளாமை முழங்கால் உயரம் நின்றது. வாய்க்கால் கரையில் பாலைமரக் குற்றிகள் இரண்டின் மேல் எஞ்சின் இருந்தது. மேலே ஓலைப் பந்தல். ரேடியேட்டருக்குப் பதிலாக ஒரு எண்ணெய்ப் பீப்பாயும் குழாயும். அந்த நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் குபுகுபு என்று வரம்புக்குள் விழுந்தது. அவர் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

ஆச்சிப்பிள்ளை அறுபத்தைந்து வயதுக்காரி, உயரமான பெண். தலையில் துவாய் கட்டியிருந்தாள். வந்த விசயத்தைச் சொன்னதும் சிரித்தாள். எஞ்சினை நிற்பாட்டி, பார்த்துக்கொள் என்று விட்டாள். உதயரூபன் மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் பக்கவாட்டைத் துடைத்தார். முப்பது வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு உரிந்து வந்தது. அடியில் தகடு இருந்தது. கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த புத்தகப் படத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். சரி. இன்னொரு தரம் ஒப்பிட்டார். சரிதான்.

ஆச்சிப்பிள்ளை வரம்பில் இருந்துகொண்டு, அந்த எஞ்சின் வந்த கதையைச் சொன்னாள். அது யுத்தக் காலம், வாவியைக் கடந்து எஞ்சின் கொண்டு வர அனுமதியில்லை. சின்னத்தம்பி அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு துண்டாக மீன் கூடைக்குள் வைத்து வள்ளத்தில் கொண்டு வந்தார். பெரிய துண்டை வலைக்கு அடியில் மறைத்து, வள்ளம் தாழாமல் இருக்க மற்ற எல்லாரையும் இறக்கிவிட்டாராம். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார். அந்த வயலில் விளைந்த ஒவ்வொரு நெல்லிலும் அதன் தண்ணீர் இருக்கிறது என்றாள். பெருமை பேசுகிற குரல் இல்லை, கணக்குச் சொல்கிற குரல்.

"குடுக்க மாட்டன் எண்டு சொல்லல்ல," என்றாள். "இப்ப வெள்ளாமக்குத் தண்ணி வேணும் தம்பி. வெட்டு முடியட்டும், மறுகா கதைப்பம்."

"அதுக்குப் பதிலா புது மிஷின் கொண்டந்து தாறன் அக்கா. நாளைக்கே தாறன்."

"புது மிஷின் ஓடுமா ஓடாதா எண்டு எனக்கென்ன தெரியும்? இது ஓடும்."

மடக்கிப் பேச முடியாத நியாயம் அது. அவளுக்கு ஒரேயொரு முறைப்பாடு இருந்தது. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தோள் வலியால் இப்போது முடிவதில்லை, ஒவ்வொரு தரமும் பக்கத்து வயல்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. யாரையும் கூப்பிடாமல் தானே கிளப்பக் கூடியதாக ஒன்று வந்தால், வெள்ளாமை வெட்டுக்குப் பிறகு மாற்றலாம் என்றாள். அதோடு அவளுடைய லேண்ட்மாஸ்டர் உழவு மிஷின் இழுக்கிற பெட்டி துருப்பிடித்துக் கிடந்தது, அதையும் தட்டிப் பெயின்ட் அடித்துத் தர வேண்டும்.

வெட்டு முடியும் வரை உதயரூபனுக்குச் சிவப்பை உரிக்கிற வேலை இருந்தது. தான் அடித்ததிலேயே நல்ல பெயின்ட் அது என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் பெயின்ட் உரசுகிற கடதாசியைக் கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தார், வெள்ளிக்கிழமையில் தொடங்கக் கூடாது என்று ஒரு சாட்டுச் சொன்னார். பிறகு தொடங்கினார். பழைய நிறத்தைத் தேடியபோது, பின்சீற்றுப் பலகைக்குப் பின்னால் பழைய பெயின்ட் கைபடாமல் இருந்த ஒரு தகட்டுத் துண்டு அகப்பட்டது. அதை வெயிலில் பிடித்துப் பிடித்து நிறம் கலந்தார். சரியாக வந்த பிறகும் ஒரு சிக்கல், கை தன்னையறியாமல் பளபளப்பைத் தேடியது. கண்ணாடிப் பூச்சு இல்லாமல் விட்டது அவருக்குச் சட்டை போடாமல் சபைக்குப் போகிற மாதிரி இருந்ததாம்.

மிச்சச் சிவப்புப் பெயின்ட் லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குப் போனது. படுவான்கரையில் அவ்வளவு பளபளப்பான பெட்டி வேறு இல்லை என்று ஆச்சிப்பிள்ளை திருப்திப்பட்டாள். இர்ஷாத் இதற்கிடையில் மொறிஸ் கியர்பொக்ஸ் ஒன்றும் சக்கரங்களும் தேடிப் பிடித்தான். தகட்டு யோசனையை அவன் பிறகு எடுக்கவில்லை. இப்போது தரகுக் காசு கூடக் கிடைக்கும் என்பதால் உற்சாகமாகவே அலைந்தான்.

ஆவணி முடிவில் உதயரூபன் பற்றரியில் கிளம்புகிற சின்ன டீசல் பம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். ஆச்சிப்பிள்ளை உடனே விடவில்லை. வெட்டு முடிந்த வயலாக இருந்தாலும், ஒரு முழுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தாள். நிற்பாட்டிக் கிளப்பினாள், திரும்ப நிற்பாட்டிக் கிளப்பினாள். பிறகு, "சரி, கொண்டு போங்க" என்றாள். எஞ்சினைப் பாலைக்குற்றியிலிருந்து தூக்கி லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றும்போது அவள் பக்கத்தில் நிற்கவில்லை, தூர வரம்பில் ஏதோ வேலையாக நின்றாள். உதயரூபன் விடைபெறப் போனபோது ஒன்று மட்டும் கேட்டாள்.

"காருக்குள்ள போட்டு ஓட்டுவீங்க தானே? சும்மா பாக்க வைக்க இல்லியே?"

ஓட்டத்தான் என்று அவர் உறுதி சொன்னார்.

எஞ்சினைத் திறந்து பார்த்ததில் உள்ளே தேய்மானம் நிறைய. பிஸ்டன் மாற்ற வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய்க்காகச் சின்னத்தம்பி வெட்டித் திருத்தின காபரேட்டர் பெற்றோலுக்குச் சரிவரவில்லை, வேறு தேடிப் போட்டார். அதையெல்லாம் முடித்துக் கார் கிளம்பின நாளில் யோகராணி வெளியே வந்து பார்த்தாள். சத்தம் வித்தியாசம் என்றாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சாம்பல் பச்சை கடைசி வரை பிடிக்கவேயில்லை.

டொக்டர் நஸ்மி இரண்டாம் தரம் வந்தார். இந்தத் தரம் சாரம் கேட்கவில்லை, தானே கொண்டு வந்திருந்தார். காருக்கு அடியில் படுக்க முதல், இதில் எதெல்லாம் மாற்றினது என்று கேட்டார். இர்ஷாத் கண்ணால் ஏதோ சாடை காட்டினான். உதயரூபன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சொல்லத் தொடங்கினார். தளத்தில் பாதி புதுத் தகடு. இடது முன் மட்காட் வேறு காரினது. கியர்பொக்ஸ் இதனுடையது இல்லை. பிஸ்டனும் காபரேட்டரும் புதிது. எஞ்சின் இதனுடையதுதான், இடையில் முப்பது வருடம் தண்ணீர் இறைத்தது. பழைய சீற்றுகளைத் தானே எரித்தது.

"எரிச்சிட்டீங்களா?" டொக்டருக்கு உண்மையிலேயே வலித்தது போல முகம் போனது.

"ஓம். அப்ப எனக்குத் தெரியா."

டொக்டர் தலையை ஆட்டினார். பிறகு விளக்கமாகச் சொன்னார். ஒன்றுமே மாறாத கார் இந்த நாட்டில் கிடைப்பது அரிது, அப்படிக் கிடைத்தால் அதற்குக் கேட்ட விலை கொடுக்கலாம். மற்றதெல்லாம் மாறினதுதான். எது மாறினது, எது மாறவில்லை என்று தெரிந்தால் அதற்கேற்ற விலை ஒன்று போடலாம். தெரியாவிட்டால் எல்லாமே மாறினது என்றுதான் எடுக்க வேண்டும். எஞ்சின் திரும்பி வந்தது பெரிய விசயம். சீற்று போனது பெரிய நட்டம். தளம் ஒட்டினது பரவாயில்லை, நேராக ஒட்டியிருக்கிறது. பதினைந்து லட்சம் தரலாம்.

உதயரூபன் பதினெட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பதினைந்தரைக்கு முடிந்தது. கடைசியில், எஞ்சின் படுவான்கரையில் இருந்த கதையை டொக்டர் விரிவாகக் கேட்டு, கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டார். காரோடு அந்தக் கதையும் போக வேண்டும் என்றார். இர்ஷாத் சந்தோசமாக இருந்தாலும், போகும்போது, அவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டாம் அண்ணன், மட்காட்டையாவது விட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தான்.

பம்ப், பிஸ்டன், கியர்பொக்ஸ், இர்ஷாதின் பங்கு எல்லாம் கழித்துப் பார்த்தால், முதலிலேயே ஒன்பதுக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்கக் கூடியதைவிட இரண்டு, இரண்டரை லட்சம்தான் கூட. அத்தனை மாத வேலைக்கு அது பெரிய காசில்லை என்று யோகராணி சொன்னாள். அவரும் மறுக்கவில்லை. ஆனால் விதுர்ஷாவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. சீலிங் அடுத்த வருடத்துக்கு.

டொக்டர் தன்னுடைய சாரதியை அனுப்பாமல் தானே வந்து காரை எடுத்தார். செங்கலடி வரை உதயரூபன் கூடப் போனார், சத்தத்தில் ஏதும் வித்தியாசம் வருகிறதா என்று கேட்கத்தான். ஒன்றும் வரவில்லை. அங்கே இறங்கி பஸ்ஸில் திரும்பினார். அன்றைக்கே ஆச்சிப்பிள்ளைக்கு அழைப்பெடுத்து, எஞ்சின் மலைநாட்டுக்குப் போகிறது, ஓடித்தான் போகிறது என்று சொன்னார். அவள், பம்ப் பற்றரி இறங்கிவிட்டது, எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாள்.

அந்த மொறிஸின் கதை பரவி, இரண்டு மாதத்தில் ஏறாவூரிலிருந்து ஒருவர் பழைய ஒஸ்டின் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். மங்கின கறுப்பு, அடியோடு பழைய பெயின்ட், சீற்றெல்லாம் அந்தக் காலத்தது. கலியாணத்துக்கு வாடகைக்கு விட, முகநூலில் பார்த்த அதே சிவப்பு வேண்டும் என்றார். உதயரூபன் அவரை இருத்தி, இதை விற்கிற எண்ணம் என்றைக்காவது இருந்தால் கை வைக்க வேண்டாம், கழுவி மெழுகு பூசினால் போதும் என்று சொன்னார். சீற்றைக் கழற்றினாலும் எறியாதீர்கள் என்றார். வந்தவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அடுத்த மாதம் அந்தக் கார் கல்லடிப் பாலத்தால் சிவப்பாகப் போனதை விதுர்ஷா கண்டாள். வேறு யாரோ அடித்திருந்தார்கள். பெயின்ட் அவ்வளவு சரியில்லை, மட்காட் ஓரத்தில் வடிந்திருக்கிறது என்று வந்து சொன்னாள்.

உதயரூபன் அப்போது களுவாஞ்சிகுடிப் பாடசாலை வேன் ஒன்றின் பக்கத்தில் குந்தியிருந்தார். வேன்காரர் மஞ்சள் கேட்டிருந்தார், எவ்வளவு பளபளப்பாக முடியுமோ அவ்வளவு.